காந்தம் ஈர்க்கும் இடம்

“காந்தம் இரும்பை இழுக்குதா, இல்ல இரும்பே எழுந்து காந்தத்துக்கிட்ட போகுதா?” என்று தையல் அக்கா ஒருநாள் என்னைக் கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. யார் என்ன கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது எச்சில்தான். அதை விழுங்கி முடிப்பதற்குள் கேட்டவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோதெல்லாம் இதேதான் நடந்தது. ஒருநாள் பள்ளிக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, பிறகு போகாமல் இருப்பதே பழகிவிட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று சித்தப்பாவின் ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் எனக்கு ‘ம்யூட்’ என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் அது ம்யூட்டு ஆயிற்று. பெயர் வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பொருத்தமாகத்தானே இருக்கிறது.

கடை என்பது ஒரே அறை. மூன்று சுவரிலும் ஆணியடித்து, வாய் கிழிந்த ஸ்பீக்கர்களை வரிசையாக மாட்டியிருக்கும். கிழிந்த காகிதக் கோனை அறுத்தெடுத்து, காந்தத்தின் நடுவில் இருக்கும் வட்டச் சந்தைச் சுத்தம் செய்து, புதுக் கம்பிச் சுருளும் புதுக் கோனும் வைத்து ஒட்டுவதுதான் வேலை. அந்தச் சந்து ஒரு அட்டையின் கனம்தான் இருக்கும். அதற்குள் ஒரு இரும்புத் தூள் போய் உட்கார்ந்துவிட்டால் போதும், எவ்வளவு நல்ல பாட்டும் தொண்டை கட்டியவன் பாடுகிற மாதிரி கரகரக்கும். துணியால் துடைத்தால் தூள் உள்ளேயே சுற்றிச் சுற்றி வருமே தவிர வெளியே வராது. அட்டைத் துண்டில் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே தெரியும்படி சுற்றி, சந்துக்குள் விட்டு விட்டு எடுக்க வேண்டும். அது என் வேலை. பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை.

அதனால் ஊசி, பின், கொண்டை ஊசி எதுவும் கடைக்குள் வரக் கூடாது என்பது சித்தப்பாவின் சட்டம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். என் அம்மாவே வந்தாலும் தலையிலிருந்து பின்னை உருவி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். “கொழுந்தன் கடைக்கு வர்றதுக்குத் தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு வரணும்” என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

தையல் அக்காவின் கடை எதிர்ச் சாரியில், நேர் எதிரே. பள்ளிச் சீருடைகள்தான் அவளுக்கு அதிக வேலை. கழுத்துப்பட்டையில் பத்துக் குண்டூசி, முந்தானையில் நாலு, சில நாள் உதட்டில் ஒன்று என்று அவள் உடம்பே ஒரு ஊசிமெத்தை. அப்படியே நேராக உள்ளே வந்து முக்காலியில் உட்காருவாள். சித்தப்பா வாசல் டப்பாவைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், பிறகு வேலையைப் பார்ப்பார். அவள் போன பிறகு என்னிடம், “தரையை ஒரு தடவை பார்த்துடு ம்யூட்டு” என்று மட்டும் சொல்வார். சட்டம் தளர்ந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

அவள் முதலில் வந்தது ஒரு காந்தம் கேட்டு. வெட்டுமேசைக்குக் கீழே சிந்திக் கிடக்கும் ஊசிகள் வெறுங்காலில் ஏறுகின்றன என்றாள். சித்தப்பா எரிந்துபோன ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து வட்டக் காந்தத்தைக் கழற்றி, ஓரம் கையைக் கீறாமல் இருக்க டேப் சுற்றி, தூக்கிப் பிடிக்கக் கயிறும் கட்டிக் கொடுத்தார். கயிறு அவள் கேட்காதது.

இரண்டு வாரம் கழித்துக் கத்திரிக்கோலோடு வந்தாள். துணி வெட்டும்போது குண்டூசியெல்லாம் கத்திரியோடு கூடவே வந்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டாள். சித்தப்பா அதை ஒரு ஸ்க்ரூவின் பக்கத்தில் கொண்டுபோனார். ஸ்க்ரூ துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

“காந்தம் ஏறியிருக்கு. இறக்கிடலாம்” என்றார், காய்ச்சலைப் பற்றிச் சொல்கிற டாக்டர் போல.

காந்தம் இறக்க எங்களிடம் ஒரு பெரிய சுருள் உண்டு. கரண்ட் போட்டு, கத்திரியைச் சுருளின் நடுவே விட்டு, அவசரப்படாமல் ஒரு கை நீளத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு வர வேண்டும். அதன் பிறகுதான் ஸ்விட்சை அணைக்க வேண்டும். நடுவில் அணைத்தால் இறங்கிய காந்தம் திரும்ப ஏறிவிடும். எல்லாம் சேர்ந்து அரை நிமிஷ வேலை. சித்தப்பா அவளுக்காக நாலு தடவை செய்தார். ஒவ்வொரு தடவையும் அவளிடமே ஒரு குண்டூசி வாங்கிச் சோதித்தார்.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. அவருக்கு வயது நாற்பது, அவளுக்கு முப்பத்தாறு, இரண்டு பேரும் தனி ஆட்கள். ‘அம்மா’ என்றால் அதிகம், பெயர் சொன்னால் உரிமை. அதனால் அவர் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. தொண்டையைக் கனைப்பார், அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அவள் அவரை ‘சார்’ என்பாள். “சாராம் சார், ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற சார்” என்று அம்மா வீட்டில் சிரிப்பாள்.

நான் ஆரம்பத்தில் எழுதிய கேள்வியை அவள் கேட்டது ஒரு அறிவிப்புப் பலகையால்.

ஒரு வாடிக்கையாளர், சட்டைப் பையில் வங்கி அட்டையை வைத்துக்கொண்டு, பதினைந்து அங்குல ஸ்பீக்கரைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். மறுநாள் அட்டை வேலை செய்யவில்லை. கடை வாசலில் நின்று கால் மணி நேரம் சத்தம் போட்டார். அவர் போன பிறகு சித்தப்பா ஒரு தகரப் பலகையும் வெள்ளைப் பெயின்ட்டும் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒன்பதாவது வரைக்கும் படிச்சவ நீ. காந்தம் இருக்கு, ஜாக்கிரதைன்னு எழுதணும். காந்தம் என்ன பண்ணும்னு எழுதறது? புடிக்கும்னு எழுதினா நாய் புடிக்கிற மாதிரி இருக்கு.”

அன்று முழுக்க கடைக்கு வந்த ஆளையெல்லாம் அவர் இதையே கேட்டார். மேடைக் கச்சேரிக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர் ‘இழுக்கும்’ என்று போடச் சொன்னார். சாப்பாடு கொண்டுவந்த அம்மா ‘ஒட்டும்’ போதும் என்றாள். மறுநாள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி திரும்பி வந்த அட்டைக்காரர், “தின்னும்னு எழுதுங்க. என் அட்டையைத் தின்னுச்சுல்ல” என்றார். ஒரே வேலைக்கு நாலு பேர் வாயில் நாலு வார்த்தை. இதையெல்லாம் நான் மேசைக்கு அடியில் வைத்திருக்கும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இருப்பது யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒரு ஐந்தாவது வார்த்தை. அறிவியல் புத்தகத்தில், காந்தப் பாடத்தின் முதல் வரியில் இருந்தது: ஈர்க்கும். எங்கள் தெருவில் யாரும் அதை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஆணியைக் காந்தம் ஈர்த்துடுச்சு’ என்று யாராவது சொன்னால் கூட இருப்பவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பேச்சில் வெளியே வராமல் எழுத்துக்குள்ளேயே குடியிருக்கும் வார்த்தை அது. அதனால்தானோ என்னவோ, எனக்கு அதன் மேல் ஒரு பாசம்.

கடையில் ஒரு பழைய அகராதி உண்டு. யாரோ ரேடியோப் பெட்டியோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போனது, அட்டை கிடையாது. பசை காய்கிற வரைக்கும் கோன் மேல் பாரம் வைக்க அதைப் பயன்படுத்துவோம். எட்டு அங்குலத்துக்கு அகராதி, பன்னிரண்டுக்கு அகராதியும் மேலே ஒரு செங்கல்லும். பாரமாக இல்லாத நேரத்தில் நான் அதை வாசிப்பேன். ஈர்த்தல் என்றால் இழுத்தல், கவர்தல் என்று போட்டிருந்தது. அதற்கு மேலேயே ஈர்தல் என்று இன்னொன்று. அறுத்தல், பிளத்தல். ரம்பத்துக்கு ஈர்வாள் என்று ஒரு பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டுக்கும் உறவு உண்டா என்று அகராதி சொல்லவில்லை. ரம்பத்தை இழுத்து இழுத்துத்தானே அறுக்கிறார்கள், அப்படியானால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம் என்று நானாக எழுதி வைத்தேன். தப்பாகவும் இருக்கலாம். கவர்தல் என்ற பக்கத்தில் பறித்துக்கொள்வது, திருடுவது என்றெல்லாம் இருந்தது. காந்தத்தை இவ்வளவு கெட்டவனாக்க வேண்டாம் என்று அதை விட்டுவிட்டேன்.

ஒரு துண்டுக் காகிதத்தில் ‘காந்தம் ஈர்க்கும் இடம். கடிகாரம், வங்கி அட்டைகளை வெளியே வைக்கவும்’ என்று எழுதி சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். “கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு” என்றார். ஆனாலும் அதையே பெயின்ட்டில் எழுதி மாட்டினார்.

அதை வாசித்துவிட்டுத்தான் தையல் அக்கா என்னிடம் கேட்டாள், காந்தம் இழுக்கிறதா, இரும்பு போகிறதா என்று. நான் எச்சில் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் தொடர்ந்தாள். “ஈர்க்கும்னு எழுதினா எல்லாத்தையும் காந்தமே பண்ணுது, இரும்பு சும்மா கிடக்குதுன்னு ஆகுது. நான் தினம் பார்க்கிறேனே. காந்தம் இருந்த இடத்துலயே உட்கார்ந்திருக்கு. எழுந்து ஓடறது ஊசிதான்.”

சித்தப்பா தலையைத் தூக்காமல் பதில் சொன்னார். “ரெண்டும்தான் இழுக்குது. காந்தம் கனம், ஊசி லேசு. அதான் ஊசி மட்டும் போற மாதிரி தெரியுது.”

“ரெண்டும் ஒரே கனமா இருந்தா?”

“ரெண்டும் நகரும்.”

“நகர விடாம யாராவது புடிச்சு வெச்சிருந்தா?”

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். “புடிச்சிருக்கிறவனுக்குக் கை வலிக்கும்” என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே கத்திரியை எடுத்துக்கொண்டு போனாள். என்ன சிரிப்பு என்று சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷமாக, வாரம் ஒருமுறை அவள் கத்திரியில் காந்தம் ஏறியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், சீருடைகளைக் கொடுத்து முடித்த கையோடு வருவாள். அரை நிமிஷ வேலைக்கு அரை மணி நேரம் உட்காருவாள். பேச்சும் பெரிதாக இராது. பள்ளிக்கூடம் பித்தான் நிறத்தை மாற்றிவிட்டது, இருநூறு பித்தான் வீண் என்பாள். அவர் ஒரு ஸ்பீக்கருக்குள் பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த கதையைச் சொல்வார். வெள்ளிக்கிழமைகளில் சித்தப்பா சட்டை மாற்றிக்கொண்டு வருவதை அம்மா கவனித்தாள். அவர் கவனித்தாரா என்று தெரியாது.

அம்மா அவருக்குப் பெண் பார்க்காத மாதமே கிடையாது. “தம்பி, இந்த ஸ்பீக்கருங்களோடயே குடும்பம் நடத்தப் போறியா?” என்று கேட்டால், “அதுங்களுக்கு வால்யூம் குறைக்க ஒரு குமிழ் இருக்கு அண்ணி” என்பார். அதோடு பேச்சு முடியும். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடும். அக்கா என்று கூப்பிடுகிறவளைச் சித்தி என்று மாற்றிக் கூப்பிட நாக்கு எத்தனை நாளில் பழகும் என்று. நான் வாய்விட்டுக் கூப்பிடுவதே அபூர்வம் என்பதால் அதிகக் கஷ்டம் இராது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, கடை பூட்டுகிற நேரத்தில், எங்கள் கடைத் திரையைத் தைத்து வாங்க அவள் கடைக்குப் போனேன். அவள் உள்ளறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். வெட்டுமேசை மேல் சித்தப்பா கொடுத்த காந்தம் இருந்தது. அதன் மேல் கத்திரிக்கோல். தற்செயலாகப் போட்டது மாதிரி இல்லை. இரண்டு அலகையும் விரித்து, காந்தத்தின் இரு பக்கமும் சரியாகப் படும்படி அமர்த்தி, நழுவாமல் இருக்க ஒரு துணிச்சுருளையும் முட்டுக் கொடுத்திருந்தது. அப்படி வைத்தால் ஒரே ராத்திரியில் நன்றாகக் காந்தம் ஏறும். ஸ்பீக்கர் கடையில் வேலை செய்கிற எனக்கு அது தெரியாதா? பக்கத்து ஆணியில் இன்னொரு கத்திரி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஊசிகூட ஒட்டாத, தினசரி வேலைக்கான கத்திரி.

அக்கா வந்து நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். முகம் சிவந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டிருக்கும்.

“நல்ல வேளை, பார்த்தது நீ” என்றாள் கடைசியில். “வேற யாராவதுன்னா வாய் சும்மா இருக்காது.”

நான் தலையாட்டினேன். திரைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். கடைக்குத் திரும்பி வந்து நோட்டை எடுத்தேன். அவ்வளவு பெரிய சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல், கத்திரியின் படத்தை வரைந்து வைத்தேன்.

அடுத்து நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சித்தப்பா நல்லவர். அந்த நல்ல மனசுதான் காரியத்தைக் கெடுத்தது.

அவள் வாரா வாரம் கத்திரியைத் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே தெருவைத் தாண்டி வருவது அவருக்கு உறுத்தியிருக்கிறது. நாலு நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை. ஒரு பழைய மின்மாற்றியைப் பிரித்துக் கம்பி எடுத்து, சின்னதாக ஒரு சுருள் சுற்றினார். அதற்கு அளவாக மரப்பெட்டி செய்து, கத்திரி நுழைகிற வாயில் விரல் கீறாமல் இருக்க வெல்வெட் ஒட்டினார். சிவப்பில் ஒரு பித்தான். பெட்டி மேல் தன் கோழி கிளறிய எழுத்தில் ‘மெதுவாக வெளியே எடுக்கவும். பிறகு அணைக்கவும்’ என்று எழுதினார். இவ்வளவு அழகாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அவர் சுற்றிக்கொண்டிருந்தபோதே அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். நாலு நாளும் எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் வந்து உட்கார்ந்ததும் சித்தப்பா தொண்டையைக் கனைத்து, பெட்டியை அவள் மடியில் வைத்தார்.

“உங்க கடையிலயே நீங்களே இறக்கிக்கலாம். இனிமே இதுக்காக நீங்க ரோடு தாண்டி வர வேணாம்.”

அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெல்வெட்டை விரலால் தடவினாள். “ரொம்ப யோசிச்சு செஞ்சிருக்கீங்க சார்” என்றாள். தேநீர் வேண்டாம் என்றாள். வந்த ஐந்தாவது நிமிஷம் எழுந்து போய்விட்டாள். சித்தப்பா வாசல் வரை போய், அவள் பத்திரமாகத் தெருவைத் தாண்டுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்து, “சந்தோஷப்பட்டாங்க, இல்ல?” என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. முதல் வாரம் சித்தப்பாவுக்குப் பெருமை. “பொட்டி நல்லா வேலை செய்யுது போல” என்றார். இரண்டாவது வாரம் அதையே சொன்னபோது குரலில் அந்தப் பெருமை இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஏழு மணி வரைக்கும் முக்காலி காலியாகவே இருந்தது, அதன் மேல் யாரையும் எதையும் வைக்க விடவில்லை. மூன்றாவது வாரத்தில் வேலை கெட ஆரம்பித்தது. சுருளைத் தலைகீழாக வைத்து ஒட்டினார். சுருள் சந்தின் நடுவில் நிற்பதற்காகச் செருகும் அளவுக் காகிதத்தை ஒரு ஸ்பீக்கருக்குள்ளிருந்து எடுக்க மறந்து மூடிவிட்டார். அது முனகக்கூட இல்லை. கச்சேரிக்காரர், “கடையில ரெண்டு ம்யூட்டு ஆயிடுச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வார வெள்ளிக்கிழமை மதியம் சித்தப்பா என்னை அழைத்தார். “போய் அந்தப் பொட்டி சூடாகுதான்னு கேட்டுட்டு வா. சூடானா கொண்டுவரச் சொல்லு. சரி பண்ணித் தரேன்.” அது சூடாக வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்வது முகத்தில் தெரிந்தது.

அக்காவின் கடையில் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதன் கரண்ட் கம்பியை ஒருதரம்கூடப் பிரிக்கவில்லை. சித்தப்பா கட்டிய ரப்பர் வளையம் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டு, கேட்காமலே பேச ஆரம்பித்தாள். வேறு ஊரில் ஒரு பெரிய தையல் கம்பெனி அவளை மேற்பார்வைக்குக் கூப்பிடுகிறதாம். தங்க இடமும் தருகிறார்களாம். முன்பே இரண்டு தடவை முடியாது என்று சொல்லியிருந்தாளாம். மூன்றாவது தடவை கேட்டிருக்கிறார்கள்.

“திங்கட்கிழமை பதில் சொல்றேன்னேன். இந்தத் தடவை சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன்” என்றாள். பிறகு குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து கயிறு கட்டிய காந்தத்தை எடுத்தாள். “இதையும் உங்க சித்தப்பாகிட்ட குடுத்துடு. ஊசி பொறுக்க என் கையே போதும்.”

ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு திரும்பிய வழி எனக்கு மறக்காது. அவள் கடைக் கதவில் ஒருமுறை போய் அப்பிக்கொண்டது. பிடுங்கினேன். தெருவில் நின்றிருந்த சைக்கிளில் போய் ஒட்டியது. சைக்கிள்காரர் முறைத்தார். எங்கள் கடை ஷட்டரின் ஓரத்தில் டங் என்று மோதி நின்றது. வழியெல்லாம் அது எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தது. நான் பிய்த்துப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

சித்தப்பா ஒரு பத்து அங்குலக் கோனை ஒட்டிக்கொண்டிருந்தார். விளிம்பு முழுக்கப் பசை தடவி, கோனை இறக்கி, வட்டமாக விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். பாரம் வைப்பதற்கு முன்னால், அந்தப் பசைக்கு முதல் பத்து நிமிஷம் கை எடுக்கக் கூடாது. எடுத்தால் கோன் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், ஒட்டியதெல்லாம் பாழ். கடை வாசலில் தீப்பிடித்தாலும் ஈரப் பசையை விட்டுவிட்டு எழுகிற ஆள் அவர் இல்லை.

காந்தத்தை மேசை மேல் வைத்தேன். டேப்பையும் கயிற்றையும் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“செத்துப்போச்சா?” என்றார். ஒரு கையால் கோனை அழுத்திக்கொண்டு மறு கையால் ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். காந்தம் அதைப் பறித்துக்கொண்டது. “நல்லாத்தானே இருக்கு. ஏன் திருப்பி அனுப்பிட்டாங்க?”

நான் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னை நம்பியது என் வாய்க்காக. அது திறக்காது என்பதற்காக. இப்போது திறந்தால் அது துரோகம்தான். திறக்காவிட்டால் திங்கட்கிழமை. எச்சிலை விழுங்கினேன். இன்னொரு தடவை விழுங்கினேன். சித்தப்பா வேறு பேச்சுக்குப் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா” என்றேன். “அக்கா கத்திரியைக் காந்தத்து மேலதான் வெச்சிருந்தாங்க.”

“எப்போ?”

“வியாழக்கிழமை வியாழக்கிழமை. கடை பூட்டும்போது.”

“ஐயோ, அப்படி வெச்சா காந்தம் ஏறுமே.” அவருக்கு உண்மையாகவே வருத்தம். “தெரிஞ்சிருந்தா நான் அப்பவே சொல்லியிருப்பேனே, ரெண்டையும் தனித்தனியா வைங்கன்னு.”

“ஏறும்னு அவங்களுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா அப்புறம் எதுக்கு...”

வாய் திறந்தபடியே இருந்தது.

“துணி வெட்ட அவங்ககிட்ட வேற கத்திரி இருக்கு” என்றேன். ஆரம்பித்தது நிற்கவில்லை. என் வாழ்நாளில் நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். “நீங்க குடுத்த பொட்டியை அவங்க பிரிக்கவே இல்ல. திங்கட்கிழமை வேற ஊருக்கு வரேன்னு பதில் சொல்லப் போறாங்க.”

சித்தப்பா கோனைப் பார்த்தார். அவர் விரல்கள் அதன் மேல் இருந்தன, ஆனால் அழுத்தவில்லை. பாடிக்கொண்டிருந்த ரேடியோவைக் கை நீட்டி அணைத்தார். தெருவைப் பார்த்தார். எதிர்க் கடையில் தையல் இயந்திரம் ஓடுவது கேட்டது, நின்றது, மறுபடி ஓடியது. மூன்று வருஷத்து வெள்ளிக்கிழமைகளையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். காது மடல் முதலில் சிவந்தது, பிறகு கழுத்து.

கோன் மேலிருந்து கையை எடுத்தார். பசை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. நான் அவசரமாகக் குனிந்து, அவர் விட்ட இடத்தில் என் விரல்களை வைத்து அழுத்தினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. கட்டைவிரலில் பசையோடு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் இல்லாமலும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், படியிறங்கித் தெருவுக்குள் போனார்.